உளி சாயும் இடம்

ஒரு பொருளை ‘நானே செய்தது’ என்று சொல்லிக்கொள்ள, எவ்வளவு உதவி வரைக்கும் வாங்கலாம்?

புரோகிராம் எழுதிப் பிழைப்பவன் இதைக் கேட்பதே வேடிக்கைதான். நான் எழுதும் பத்து வரிக்கு அடியில், முகம் தெரியாத யார் யாரோ எழுதிய ஆயிரக்கணக்கான வரிகள் கிடக்கின்றன. அதைப் பற்றி யாரும் என்னிடம் விசாரித்ததில்லை. மரம் கடைய ஆரம்பித்த பிறகுதான் விசாரணை வந்தது.

எனக்கு இரண்டு வயதில் போலியோ. வலது காலில் காலிப்பர் போட்டு நடக்கிறேன். இத்தனை வருடமாக இரண்டு காலின் வேலையையும் பார்த்து இடது கால் களைத்துவிட்டது, நிற்பதைக் குறைத்துக்கொள்ளுங்கள் என்றார் டாக்டர். மூன்று வருடமாக மொட்டை மாடி ஷெட்டில் ஒரு சின்ன மர லேத் வைத்துக் கிண்ணங்கள் கடைகிறேன். ஸ்டூலில் உட்கார்ந்துதான். லேத் நிற்கும் மேசையின் கால்களை அதற்காகவே அறுத்துக் குட்டையாக்கியிருக்கிறேன். கனமான கட்டையைத் தூக்கி லேத்தில் மாட்டப் பக்கத்து வீட்டுத் தம்பி வருவான். இதையெல்லாம் கேட்ட அலுவலக நண்பர் ஒருவர், கெட்ட எண்ணம் எதுவும் இல்லாமல்தான், சொன்னார்: “அப்ப முழுசா நீயே செஞ்சதுன்னு சொல்ல முடியாதுல்ல?”

அவருக்குப் பதில் சொல்லக் கடைசல் எப்படி நடக்கிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டும். சிற்பத்தில் மரம் சும்மா இருக்கும், உளி நகரும். கடைசலில் மரமே சுழல்கிறது. சுழலும் மரத்தில் உளியை வெறும் கையால் பிடித்து நீட்டினால் மரம் அதைப் பிடுங்கி எறிந்துவிடும். எவ்வளவு பலசாலியாக இருந்தாலும் சரி. அதனால் மரத்துக்கு முன்னால் ‘டூல் ரெஸ்ட்’ என்று ஒரு இரும்புத் தாங்கி இருக்கும். உளி முதலில் அதில் சாய வேண்டும். அடுத்து, உளி முனையின் சரிவான முதுகு மரத்தை உரச வேண்டும். அதற்குப் பிறகுதான் வெட்டு. கடைசல் கற்கும் எவருக்கும் முதல் பாடம் இதுதான். அதாவது, இந்தக் கலையே ஒன்றின் மேல் சாய்வதில் தொடங்குகிறது. அந்தத் தாங்கியை யாரும் ஊன்றுகோல் என்று சொல்வதில்லை.

மோட்டாரையும் பாருங்கள். ஐரோப்பாவின் பழைய கடைசல் பொறிக்கு ஒரு கால் கட்டாயம் வேண்டும். மரத்தைச் சுற்றி வரும் கயிற்றின் மேல் முனையை வளையும் கழியில் கட்டி, கீழ் முனையை மிதிபலகையில் கட்டியிருப்பார்கள். ஒரு காலில் நின்று மறு காலால் மிதிக்க வேண்டும். இங்கிலாந்தின் சில்டர்ன் காடுகளில் நாற்காலிக் கால் கடைந்தவர்கள் இருபதாம் நூற்றாண்டிலும் இப்படித்தான் வேலை பார்த்தார்கள். நம் பக்கம் வேறு மாதிரி. ஒருவர் கயிற்றை மாற்றி மாற்றி இழுக்க, கடைபவர் தரையில் உட்கார்ந்து உளி பிடிப்பார். மரம் மத்து போல முன்னும் பின்னும் சுழலும். மோர் கடைவதற்கும் மரம் கடைவதற்கும் தமிழில் ஒரே வினைச்சொல் இருப்பது அந்தக் கயிற்றைப் பார்த்தால் புரிந்துவிடும். மொராக்கோவில் ஒரு கையால் வில்லை இழுத்துக்கொண்டு, மறு கையாலும் கால்விரலாலும் உளியைப் பிடித்துக் கடைகிறார்கள்.

ஒவ்வொரு பொறியும் ஒரு உடம்பை மனதில் வைத்திருக்கிறது. இங்கிலாந்தின் மிதிபலகை என்னை வெளியே நிறுத்தியிருக்கும். மொராக்கோவின் வில்லும் அப்படித்தான். நம்மூர்க் கயிற்றுக் கடைசலில், தரையில் உட்காருவது எனக்குச் சிரமம் என்றாலும், உட்கார்ந்து கடைவதை யாரும் சலுகையாக நினைத்திருக்க மாட்டார்கள். பிறகு மோட்டார் வந்தது. எல்லோருடைய காலுக்கும், கயிறு இழுத்தவரின் கைக்கும் பதிலாக வந்தது. அதற்காக யாரும் ஊனச் சான்றிதழ் வாங்கவில்லை.

பெரும்பான்மைக்குத் தேவைப்பட்டால் அதன் பெயர் கருவி. சிலருக்கு மட்டும் தேவைப்பட்டால் அதன் பெயர் உதவி. வித்தியாசம் தலை எண்ணிக்கையில்தான் இருக்கிறது. லேத்தின் அச்சு கடைபவரின் முழங்கை உயரத்தில் இருக்க வேண்டும் என்பது பொதுவான விதி. மேசைக் காலை அறுத்தபோது நான் செய்தது அந்த விதியை என் முழங்கைக்குப் பொருத்தியதுதான்.

1976இல் பிரிட்டனில் யூபியாஸ் என்ற மாற்றுத்திறனாளிகள் அமைப்பு இதை அரசியலாகவே சொன்னது. உடம்பில் இருக்கும் குறை வேறு, அந்த உடம்பைக் கணக்கில் எடுக்காத சமூகம் உண்டாக்கும் முடக்கம் வேறு. எனக்கு இதில் பெரிய உடன்பாடு உண்டு. ஆனால் ஷெட்டுக்குள் இது முழுதாகப் பொருந்துவதில்லை. நின்று கடைபவர் கையால் வெட்டுவதில்லை. இடுப்பும் காலும் சேர்ந்து அசைய, அந்த அசைவில் உளி வளைந்து போகும். உட்கார்ந்தால் அந்த வீச்சு போய்விடும். உளியின் நீண்ட பிடி தொடையில் இடிக்கும். முட்டியை எங்கே வைப்பது என்று தெரியாது. சீவல் எல்லாம் மடியில் விழும். அமெரிக்காவில் ரோபஸ்ட் என்ற நிறுவனம் உட்கார்ந்து கடைபவர்களுக்கென்றே ஒரு லேத் செய்கிறது. பெயர் ‘இண்டிபெண்டன்ஸ்’. முட்டிக்கு இடம் கிடைக்கும், சரி. சாயங்காலம் இடது காலில் ஏறும் வலியை எந்த வடிவமைப்பும் எடுத்துவிடாது. அது சமூகம் கொடுத்ததல்ல, என்னுடையது.

நண்பரின் சந்தேகம் ஒரு பக்கம் என்றால், இன்னொரு பக்கம் கைதட்டல். “இந்தக் காலை வெச்சுக்கிட்டு இவ்வளவு பண்றீங்களே!” சொல்பவரின் கண் ஒரு நொடிகூடக் கிண்ணத்தில் நின்றிருக்காது. ஆஸ்திரேலியாவின் ஸ்டெல்லா யங் 2014இல் பேசிய ஒரு பேச்சு இதைப் பற்றியதுதான்: மற்றவர்கள் ஊக்கம் பெறுவதற்கான பொருளாக எங்களை ஆக்காதீர்கள். யோசித்தால் சந்தேகமும் கைதட்டலும் ஒரே இடத்திலிருந்துதான் வருகின்றன. மற்ற எல்லோரும் எதிலும் சாயாமல்தான் செய்கிறார்கள் என்ற நம்பிக்கை அது. அதனால்தான் ஒருவருக்கு என் கிண்ணம் பாதி திருட்டாகவும் இன்னொருவருக்கு அதிசயமாகவும் படுகிறது. இரண்டு பேருக்கும் அது வெறும் கிண்ணமாகப் படவில்லை.

அப்படியென்றால் அதில் என்னுடையது எது? கட்டையை மாட்டியது தம்பி. சுற்றியது மோட்டார். உளியின் பாரத்தைத் தாங்கியது இரும்பு. ஆனால் சுவர் எவ்வளவு மெலிசாக இருக்க வேண்டும், வளைவு எங்கே திரும்ப வேண்டும், எந்த இடத்தில் உளியை எடுத்துவிட வேண்டும் என்று முடிவு செய்தது நான். அந்த முடிவுகளுக்கு யார் கேட்டாலும் பதில் சொல்ல வேண்டியவனும் நான். ஒரு பொருள் நம்முடையது என்பதற்கு எனக்குத் தெரிந்த ஒரே அர்த்தம் அதுதான். “முழுசா நானே செய்யல. யாரும் செய்யறதில்ல. ஆனா இது என்னோடது.” நண்பருக்கு இதைத்தான் சொன்னேன்.

போன மாதம் பூவரசில் ஒரு கிண்ணம் கடைந்து அம்மாவிடம் கொடுத்தேன். சின்ன வயதில் என்னை இடுப்பில் வைத்துக்கொண்டு ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக அலைந்தவள். பாராட்டெல்லாம் இல்லை. கையை உள்ளே விட்டுப் பார்த்தாள்.

“வாய் ரொம்பக் குறுகல்டா. உப்பு அள்ள கை போகாது.”

“அது உப்புக் கிண்ணம் இல்லம்மா. ஷேப்புக்காக அப்படி வெச்சேன்.”

“அள்ள முடியாத கிண்ணம் எதுக்கு?”

வாய் குறுகியிருந்தால்தான் அந்த வயிற்று வளைவு எடுப்பாகத் தெரியும் என்பது என் கட்சி. அவள் ஒத்துக்கொள்ளவில்லை. சண்டை இன்னும் நடக்கிறது.