மாடி வீட்டு வாடகை

புனே நகரின் கோத்ரூட் பகுதியில் வசிக்கும் அன்பர் ஒருவர், சத்சங்கம் முடிந்த பின் தனியே காத்திருந்து, தயக்கத்துடன் கேட்டார்: "சுவாமிஜி, என் மாடி வீட்டில் ஒன்பது ஆண்டுகளாக ஒரு குடும்பம் குடியிருக்கிறது. ஐந்தாம் தேதிக்குள் வாடகை வந்துவிடும். நான் நோயுற்றுக் கிடந்தபோது அவர்கள் வீட்டிலிருந்துதான் கஞ்சி வந்தது. வாடகை 14,000 ரூபாய். 2022-இல் மெட்ரோ ரயில் வந்த பிறகு பக்கத்து வீடுகளில் 20,000 வாங்குகிறார்கள். நானும் உயர்த்தினால் அது பேராசையா?"

அன்பருக்கு ஓய்வூதியம் இல்லை. மனைவியின் மருந்துச் செலவோ ஆண்டுக்காண்டு கூடுகிறது. சொந்தமாக ஓர் அறைகூட இல்லாத துறவி, வீட்டுக்காரருக்குத் தியாகத்தை உபதேசிப்பது மிக எளிது. அதனாலேயே யோசித்துத்தான் பேச வேண்டியிருந்தது.

சட்டம் அவருக்குக் குறுக்கே நிற்கவில்லை. மகாராஷ்டிரத்தின் 1999-ஆம் ஆண்டு வாடகைச் சட்டம் பழைய குடித்தனக்காரர்கள் விஷயத்தில் ஆண்டுக்கு 4 விழுக்காடு உயர்வை அனுமதிக்கிறது. இவர் செய்திருப்பதோ லீவ் அண்ட் லைசென்ஸ் ஒப்பந்தம். அதில் இருவரும் மனம் ஒப்பும் தொகையே வாடகை. வணிகக் கணக்கும் அவரிடம் இருந்தது. இவர்கள் காலி செய்து, வீடு இரண்டு மாதம் பூட்டிக் கிடந்து, தரகும் வெள்ளையடிப்பும் போனால், முதல் ஆண்டில் புதிதாக ஏதும் மிஞ்சாது. ஆனால், லாபமில்லை என்பதற்காகக் கைவிடும் ஆசை, லாபம் வரும் நாளில் மீண்டும் தலைதூக்கும். அது விவேகமாகாது.

கீதையின் ஒன்பதாம் அத்தியாயத்தில் வரும் 'யோகக்ஷேமம்' என்ற சொல்லை ஆதிசங்கரர் இரண்டாகப் பிரித்து விளக்குகிறார். இதுவரை கிட்டாததை அடைவது யோகம்; கிட்டியதைக் காப்பது க்ஷேமம். இல்லறத்தாருக்கு இரண்டும் வேண்டியவையே. நம்பத்தக்க குடித்தனக்காரர் வாய்ப்பது க்ஷேமம். கூடுதல் வாடகை யோகம். மருந்துக்குப் பணம் தேடுவதை லோபம் என்று எந்தச் சாத்திரமும் இகழவில்லை. 'அவர்கள் பிள்ளையின் பள்ளி பக்கத்தில் இருக்கிறது, எவ்வளவு கேட்டாலும் போக மாட்டார்கள்' என்ற எண்ணம் நுழையும் இடத்தில்தான் லோபம் பிறக்கிறது. அப்போது விலை பேசப்படுவது வீட்டுக்கு அல்ல, அவர்களுடைய இக்கட்டுக்கு.

இதைச் சொன்னதும் அவர், "அப்படியானால் உயர்த்தாமலே இருந்துவிடுகிறேன்" என்றார். உண்மையான சிக்கல் அங்கேதான் இருந்தது. "இதுவரை உயர்த்தாததில் உங்கள் மனம் நிறைந்திருக்கிறதா?" என்று கேட்டேன். சற்று மௌனம். "அவர்கள் தண்ணீர் மோட்டாரைக் கூடுதலாக ஓடவிட்டால், இவ்வளவு குறைந்த வாடகைக்கு இருந்துகொண்டு இப்படியா என்று தோன்றுகிறது" என்றார்.

கீதையின் பதினேழாம் அத்தியாயம் தானத்தை மூவகையாகப் பிரிக்கிறது. கைம்மாறு கருதியோ, மனம் நொந்தோ கொடுப்பது ராஜஸம். நம் அன்பர் மாதந்தோறும் 6,000 ரூபாயை விட்டுக்கொடுத்து, அதை மனக்கணக்கில் வரவாகவும் எழுதி வந்தார். மாடியில் இருப்பவர்களுக்கு அந்தக் கடன் இருப்பதே தெரியாது. தெரியாத கடனை அவர்கள் எப்படித் தீர்ப்பது? இத்தகைய சலுகையைவிட நேர்மையாகக் கேட்டு வாங்கும் வாடகை மேலானது. விட்டுக்கொடுப்பதானால் முழுவதுமாக விட்டுவிட வேண்டும். அது முடியாதென்றால் தேவையைச் சொல்லிக் கேட்க வேண்டும். இரண்டில் எது தம்மால் முடியும் என்பதை அவரவர் தனிமையில் அமர்ந்துதான் அறிய முடியும்.

இரண்டு மாதம் கழித்து அவர் மீண்டும் வந்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை தாமே மாடிக்குச் சென்று, மருந்துச் செலவைச் சொல்லி, 16,000 தர முடியுமா என்று கேட்டாராம். அந்த வீட்டு அம்மாள் தேநீர் கொண்டுவந்து வைத்துவிட்டு, "தாதா, ஒவ்வொரு தடவை ஒப்பந்தம் முடியும்போதும் நீங்கள் ஒன்றும் பேசாமல் இருப்பீர்கள். காலி செய்யச் சொல்லப் போகிறீர்களோ என்று எங்களுக்கு அந்த மாதம் முழுவதும் தூக்கம் இருக்காது" என்றாராம். இம்முறை மூன்று ஆண்டுகளுக்கு எழுதிப் பதிவு செய்திருக்கிறார்கள். மோட்டார் இன்னமும் கூடுதலாகத்தான் ஓடுகிறதாம். அதைச் சொல்லும்போது அவர் சிரித்தார்.