கல்வியும் கணக்கும்

“கல்விக்குக் கணக்குப் பார்க்கலாமா?” என்பது தமிழ்ப் பெற்றோரிடையே நெடுங்காலமாக வழங்கிவரும் வினா. வடிவில் வினாவாயினும் பொருளில் அது ஒரு தீர்ப்பு. வீடு கட்டக் கணக்கு உண்டு. திருமணம் நடத்தக் கணக்கு உண்டு. பிள்ளையின் படிப்புக்கு மட்டும் கணக்குப் பார்ப்பது அன்பின்மை எனக் கருதப்படுகின்றது. இக்கருத்து அறத்தோடு பொருந்துமா என்பது ஆராயத்தக்கது.

கெடா மாநிலத்துப் பீடோங்கை அடுத்துள்ள சுங்கை லாலாங்கில் ஒரு குடும்பத்தைக் கற்பனை செய்து காண்க. பாட்டனார் பால்மரம் சீவியவர், தந்தை தொழிற்சாலைக் காவலர், மகள் எஸ்.டி.பி.எம். தேர்வில் நல்ல தேர்ச்சி பெற்றவள். அவள் முன் இரு வழிகள் உள்ளன. வடகோடியில் சிந்தோக்கில் 1984இல் நிறுவப்பெற்ற உத்தாரா மலேசியப் பல்கலைக்கழகம் போன்ற அரசுப் பல்கலைக்கழகம் ஒன்று. அங்குச் செலவின் பெரும்பங்கை அரசே ஏற்கின்றது. ஆயினும் விரும்பிய துறை கிடைக்கவில்லை. மற்றொன்று, விரும்பிய துறையைத் தரும் தனியார் கல்லூரி. அங்குக் கட்டணம் பன்மடங்கு. 1997இல் அமைந்த தேசிய உயர்கல்வி நிதிக் கழகத்தின் கடன் இரு வழிக்கும் உண்டு. ஆனால், தனியார் கட்டணம் முழுவதையும் அக்கடன் ஈடுசெய்யாதவிடத்து எஞ்சியதை யார் தருவது?

“நீ படி அம்மா, பணத்தை அப்பா பார்த்துக்கொள்கிறேன்” என்கிறார் தந்தை. தமிழ்க் குடும்பங்களில் ஒலிக்கும் சொற்களுள் இதனினும் உயர்ந்தது அரிது. ஆயினும், ஒரு மறைப்பு தொடங்கும் இடமும் இதுவே. முதுமைக்கெனச் சேர்த்த ஊழியர் சேமநிதியைக் கல்விக்கென எடுத்துவிட்டதை அவர் சொல்வதில்லை. தாயின் தாலிக்கொடி அடகுக் கடைக்குச் சென்றதும் சொல்லப்படுவதில்லை. நான்காண்டு கழித்துத் தம்பி கல்லூரிக்குச் செல்லும்போது வீட்டில் ஒன்றும் எஞ்சியிராது. அவனை எவரும் கேட்கவுமில்லை. ஒருவர் உரிமையை அவரறியாமல் மற்றொருவர்க்கு ஈவது, அன்பினால் செய்யப்படினும், நீதியாகுமா?

மறைப்பு பெற்றோர் பக்கம் மட்டுமன்று. கல்லூரி தகுதிச் சான்று பெற்றதா, அப்பட்டத்தை உரிய தொழில்முறைக் கழகம் ஏற்கின்றதா, தேர்ந்த ஆசிரியர் உள்ளனரா, பயின்றோர் பணியில் அமர்ந்தனரா என்பவற்றை ஆராயாது, கட்டடத்தின் பொலிவையும் தோழியரின் பேச்சையும் கொண்டு கல்லூரியை முடிவு செய்யும் பிள்ளையும் உண்மையைத் தன்னிடமிருந்தே மறைக்கின்றது.

கணக்கைத் திறந்து வைத்தால் ஏழைப்பிள்ளை அஞ்சித் தன் கனவைக் கைவிடாதோ எனச் சிலர் வினவலாம். வலிமையான வினாவே அது. கணக்கைக் கண்ட மகள், “நான் சிந்தோக்குக்கே போகிறேன், அப்பா” என்று கூறிவிடவும் கூடும். அது ஓர் இழப்பே. ஆனால் கணக்குப் பார்ப்பது வேறு. மலிவானதைத் தேர்வது வேறு. கணக்கை அறிந்த குடும்பம் கடினமான வழியையே தேர்ந்தாலும், யார் எதைச் சுமக்கின்றார் என்பதை அறிந்து தேர்கின்றது. அறிந்து சுமப்பது தியாகம். அறியாதவர் தலையில் ஏற்றப்படுவது வெறுஞ்சுமை.

தோட்டத் தமிழரின் வரலாறு இதற்குச் சான்று. தோட்டங்கள் துண்டாடப்பட்டுத் தொழிலாளர் வீடும் வேலையும் இழந்துவந்த காலத்தில், 1960இல், துன் வீ. தி. சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்தார். தொழிலாளர் பத்துப் பத்து வெள்ளியாகச் செலுத்திய பணத்தால் சங்கம் முதன்முதலில் வாங்கியது கெடாவின் புக்கிட் சிடிம் தோட்டமாகும். பத்து வெள்ளி பெருந்தொகையாக இருந்த நாளில், எதற்குக் கொடுக்கிறோம், எவ்வளவு கொடுக்கிறோம் என்பதை அறிந்தே அவர்கள் கொடுத்தனர். எழுத்தறியாதாரும் அக்கணக்கைக் கண்டு நாணவில்லை. அவர்தம் பேரப்பிள்ளைகள் நாணுவது ஏன்?

திருவள்ளுவர் கல்வி அதிகாரத்தைப் பொருட்பாலில் வைத்தார். தன் ஆற்றலையும் பொருளின் அளவையும் அறிந்து செயற்படுமாறு கூறும் வலியறிதலையும் அதே பாலில் வைத்தார். ஒன்றைப் படித்து மற்றொன்றை மறத்தல் முறையன்று.

தமிழாசிரியர்க்கு இதில் ஒரு கடமை உண்டு. உபகாரச் சம்பளம் எது, கடன் எது, திருப்பிச் செலுத்தும் ஆண்டுகள் எத்தனை என்பதைத் தேர்வு முடிவு வரும் முன்னரே மாணவர்க்கு அவர் விளக்கலாம். அன்று மாலை அம்மாணவன் ஒரு தாளை வீட்டு மேசைமேல் வைத்து, “அப்பா, இதைச் சேர்ந்து பார்ப்போமா?” என்று கேட்பானாயின், அவன் கல்வி தொடங்கிவிட்டது எனலாம்.