வயலில் இறங்கிய கேமரா

கிராமத்தைப் பற்றிய ஆவணப்படம் என்றாலே திண்ணையில் ஒரு முதியவர், ‘அந்தக் காலம் போல வருமா’ என்றொரு பெருமூச்சு, பின்னணியில் புல்லாங்குழல். ஊரின் நினைவு முழுக்க ஊராரின் பேச்சில்தான் இருக்கிறது என்ற நம்பிக்கை இதற்கு அடிப்படை. பாதி உண்மைதான். மீதி நினைவு மண்ணிலும் கைப்பழக்கத்திலும் கிடக்கிறது. மைக்கை நீட்டி அதை வாங்க முடியாது, வேலை தெரிந்தவருக்கே அது பிடிபடும். ஜப்பானிய இயக்குநர் ஷின்சுகே ஒகாவாவின் படங்களை இதற்குச் சான்றாகச் சொல்வேன்.

நரிதா விமான நிலையத்துக்கு நிலம் பறிபோவதை எதிர்த்த சான்ரிசுகா விவசாயிகளுடன் தங்கிப் படமெடுத்தது ஒகாவாவின் குழு. பிறகு 1970களில் வடக்கே யமகதா மாநிலத்தின் மகினோ கிராமத்துக்குக் குடிபோய், வயல் பிடித்து நெல் பயிரிட்டது. பக்கத்து மலையூரைப் பற்றி 1982இல் வந்த ‘ஃபுருயாஷிகி’ படத்தில், குளிரால் கதிரில் மணி பிடிக்கவில்லை. ஒரு வயல் பதராகி இன்னொன்று தப்பியது எப்படி? மலைச்சரிவின் மாதிரி ஒன்றைச் செய்து, அதன்மேல் உலர்பனிப் புகையை வழியவிட்டு, குளிர்காற்று எந்தப் பள்ளம் வழியாக இறங்குகிறது என்று காட்டுகிறார்கள். அதன் பிறகே முதியவர்கள் கரிமூட்டம் பற்றியும் போர் பற்றியும் பேசுகிறார்கள். அந்தக் குளிரைப் புரிந்துகொண்டுவிட்ட நமக்கு, அவர்கள் பேச்சு வெறும் ஏக்கமாகக் கேட்பதில்லை. 1986இல் வந்த மகினோ படம் ஏறக்குறைய நாலு மணி நேரம் (மலைக்க வேண்டாம், ஒரு போகத்துக்கு அது குறைவு). அதில் நெற்பூ பூப்பதை அருகில் பார்க்கிறோம்: உமி இரண்டாகத் திறக்கிறது, மகரந்தப் பைகள் வெளியே நீள்கின்றன, உமி மறுபடி மூடிக்கொள்கிறது. இன்னொரு பகுதியில், ஷோகன்கள் ஆண்ட எடோ காலத்தில் அங்கே நடந்த உழவர் கிளர்ச்சியை ஊர்க்காரர்கள் நடித்துக் காட்டுகிறார்கள்.

நடித்தால் அது எப்படி ஆவணம் ஆகும் என்று கேட்கலாம். தோற்ற உழவர்களின் தரப்பை, தண்டித்தவர்களின் ஏடுகள் முழுதாகச் சொல்லிவிடாது. மூதாதையரின் வேடத்தில் ஒருவர் வசனத்தை எப்படிச் சொல்கிறார், எங்கே தயங்குகிறார் என்பதில், ஊர் அந்தக் கிளர்ச்சியை இன்று எப்படி வைத்திருக்கிறது என்பது பதிவாகிறது. அதுவும் ஆவணம்தான். இன்னொரு மறுப்பு வலுவானது. இப்படி ஆண்டுக்கணக்கில் தங்குவதற்கு விலை கொடுத்தது யார்? குழு கடனில் மூழ்கியது. உறுப்பினர்கள் பெரும்பாலும் கூலியின்றி உழைத்தார்கள். அடுப்படி பெண்கள் தலையில் விழுந்தது. அமெரிக்க இயக்குநர் பார்பரா ஹாமர் இந்தக் குழுவைப் பற்றி 2000இல் எடுத்த ‘டிவோஷன்’ படம் இதையெல்லாம் பேசவைத்தது. ஒகாவாவின் தவத்தைக் கும்பிடுபவர்கள் அதையும் பார்க்க வேண்டும். ஆனால் அந்த அநியாயம் குழு நடந்த முறையில் இருந்தது. வேலையைக் கற்றுக்கொண்டு கேள்வி கேட்பதற்கு அது தேவைப்படவில்லை. பத்தாண்டுகளும் தேவையில்லை. கிராமத்தைப் படமெடுக்கக் கிளம்புகிறவர்கள் நடவு முதல் அறுப்பு வரை ஒரு போகமாவது கூட நின்று வேலை செய்யுங்கள். பேட்டியைப் பிறகு வைத்துக்கொள்ளலாம்.