கைதட்டலும் சாட்சியமும்

ஜனாதிபதித் தேர்தல் காலத்தில் கல்முனையில் பிரசாரக் கூட்டங்களுக்குப் போனவர்களுக்கு இந்தக் காட்சி புதிதல்ல. வேட்பாளர் சிங்களத்தில் பேசுவார். அருகில் நிற்பவர் தமிழில் சொல்வார். தமிழ் வரும் முன்னமே கைதட்டல் எழுந்துவிடும். அப்படியொரு கூட்டத்தில் நானும் தட்டினேன். "அவரு என்ன வாப்பா சொன்ன?" என்று மகன் கேட்டான். என்னிடம் பதில் இருக்கவில்லை.

வாக்களிப்பது ஒருவகைச் சாட்சியம் என்று உலமாக்கள் பலர் சொல்வதுண்டு. சாட்சி, தான் அறிந்ததையே சொல்ல வேண்டும். விளங்காத வாக்குறுதிக்குத் தட்டிய கை எதற்குச் சாட்சி சொன்னது?

வந்தவருக்குச் செய்த மரியாதைதானே என்று சமாதானம் சொல்லலாம். ஆனால் மேடையிலிருப்பவர் அதை ஆதரவாகவே கணக்கெடுப்பார். அமெரிக்காவைப் போல ஊசலாடும் மாநிலங்கள் நமக்கில்லை. ஜனாதிபதித் தேர்தலில் நாடு முழுவதும் ஒரே தொகுதி. 2005இல் வெற்றி தோல்வியைப் பிரித்தவை ஏறத்தாழ 1 இலட்சத்து 81 ஆயிரம் வாக்குகளே. நெருங்கிய போட்டியில் நமது எண்ணிக்கைக்கும் விலையுண்டு.

அந்த எண்ணிக்கையைப் பேரம்பேசும் பலமாக்கலாம் என்பதை 1981இல் தோன்றிய முஸ்லிம் காங்கிரஸ் நமக்குக் காட்டியது. அந்த ஒற்றுமையை நான் குறைத்து மதிப்பவனல்லன். ஆயினும் தலைமை கைகாட்டியது என்பதற்காக என் அமானிதம் தலைமையுடையதாகிவிடாது. மறுமையில் கேள்வி கூட்டத்திடமல்ல, தனித்தனியாகவே கேட்கப்படும்.

இப்போதும் கூட்டங்களுக்குப் போகிறேன். தமிழ் வரும்வரை கைகட்டி நிற்கிறேன். மகனுக்குச் சொல்லப் பதிலிருந்தால் தட்டலாம்.