மதுவாடை சாட்சியாகுமா?

இஷாத் தொழுகை முடிந்து மோதினார் விளக்குகளை ஒவ்வொன்றாக அணைத்துக்கொண்டிருந்த நேரம். ஹவ்ழுக்குப் பக்கத்தில் ஒரு பெரியவர் போகாமல் நின்றுகொண்டிருந்தார். எல்லோரும் வெளியேறிய பிறகுதான் அருகில் வந்தார்.

"ஹஜ்ரத், ஒரு மஸ்அலா கேக்கணும். யாருக்கும் தெரியக் கூடாது."

அவருடைய மகனுக்கு இருபத்து நான்கு வயது. முந்தின வாரம் ஒரு நாள் இரவு பேருந்து நிலையத்தில் தள்ளாடிக்கொண்டு நின்றவனைப் போலீசார் பிடித்து, அரசு மருத்துவமனையில் காட்டி, வழக்குப் பதிந்து, ஜாமீனில் அனுப்பிவிட்டார்கள். இரத்தம் எடுக்கவில்லை. மது வாடை வீசியது என்று மட்டும் டாக்டர் எழுதியிருந்தார். வாடையை மட்டும் வைத்து வழக்கு நிற்காது, குற்றத்தை ஒப்புக்கொள்ள வேண்டாம் என்று வக்கீல் சொல்லிவிட்டார். இன்னொரு பக்கம், ஜும்ஆ முடிந்ததும் பையனுடைய பெயரை மைக்கில் வாசித்து ஜமாஅத்திலிருந்து ஒதுக்க வேண்டும் என்று மஹல்லாவில் சிலர் கிளம்பியிருந்தார்கள். வீட்டில் மூத்த பெண்ணுக்கு நிகாஹ் பேசி முடித்து இரண்டு மாதமாகிறது.

"அவன் குடிச்சது உண்மை ஹஜ்ரத். எங்கிட்டயே அழுதுட்டான். உண்மையாக் குடிச்சவன் கோர்ட்டுல போய் வாதாடலாமா? அது அல்லாஹ்வுக்கு முன்னால பொய் ஆகாதா?"

அன்று இரவே பதில் சொல்ல எனக்குத் துணிவு வரவில்லை. இரண்டு நாள் தவணை கேட்டுக்கொண்டு கித்தாபுகளைத் திறந்தேன். அதில் கிடைத்ததை, அந்தப் பெரியவரின் சம்மதத்துடன், ஊரும் அடையாளமும் தெரியாதபடி இங்கே எழுதுகிறேன். நம் வீடுகளில் இந்தக் கேள்வி மறைவாக உலவிக்கொண்டுதான் இருக்கிறது.

மது ஹராம் என்பதில் இங்கே பேச்சே இல்லை. பகரா, நிஸா, மாயிதா என்று மூன்று சூராக்களில் படிப்படியாக இறங்கி முடிந்துபோன விஷயம் அது. ஒருவன் பாவம் செய்தான் என்பதும், அவன்மீது குற்றம் நிரூபணமாயிற்று என்பதும் ஒன்றுதானா என்பதே நம் கேள்வி.

அபூதாவூது கிரந்தத்தில் இப்னு அப்பாஸ் (ரலி) அவர்கள் வாயிலாக ஒரு நிகழ்ச்சி வருகிறது. ஒரு மனிதர் குடித்துவிட்டுத் தெருவில் தள்ளாடினார். மக்கள் அவரைப் பிடித்து நாயகம் (ஸல்) அவர்களிடம் அழைத்துச் சென்றார்கள். வழியில் அப்பாஸ் (ரலி) அவர்களின் வீட்டு வாசல் வந்ததும் அவர் கையை உதறிக்கொண்டு உள்ளே ஓடி, அப்பாஸ் அவர்களைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். இந்தச் செய்தி நாயகம் (ஸல்) அவர்களிடம் சொல்லப்பட்டபோது அவர்கள் சிரித்தார்கள். அப்படியா செய்தார் என்று கேட்டார்கள். அவர் விஷயத்தில் எந்த உத்தரவும் போடவில்லை.

இந்த மனிதர் தெருவில் பலர் பார்க்கத் தள்ளாடியவர். அப்படியிருந்தும் அவரை இழுத்து வரச்சொல்லி ஆள் அனுப்பப்படவில்லை. அவர் நாயகத்தின் முன் வந்து ஒப்புக்கொள்ளவுமில்லை, நேர்மையான சாட்சிகள் அவர்கள் முன் நின்று சாட்சி சொல்லவுமில்லை, அதனால்தான் தண்டனை இல்லை என்று இமாம் கத்தாபீ (ரஹ்) போன்ற விரிவுரையாளர்கள் காரணம் சொல்வார்கள்.

இதிலிருந்தே சட்ட நூல்களின் நிலை பிறக்கிறது. நம் கடற்கரை ஊர்களின் மத்ரஸாக்களில் ஓதிக்கொடுக்கப்படும் மின்ஹாஜில் இமாம் நவவீ (ரஹ்) அவர்கள் விஷயத்தைச் சுருக்கமாக முடித்துவிடுகிறார்கள். குடித்ததற்கான ஹத்து நிறைவேற வேண்டுமானால் அவனே ஒப்புக்கொள்ள வேண்டும், அல்லது இரண்டு ஆண்கள் சாட்சி சொல்ல வேண்டும். வாயில் வீசும் வாடையும், மயக்கமும், வாந்தியும் போதா. அவன் வற்புறுத்திக் குடிக்க வைக்கப்பட்டிருக்கலாம். வேறு பானம் என்று நினைத்து வாயில் ஊற்றியிருக்கலாம். ஹனஃபிகளும் வாடையை மட்டும் வைத்துத் தண்டிப்பதில்லை. போதையில் இருப்பவன் தானே ஒப்புக்கொண்டாலும் ஹத்துக்கு அந்த ஒப்புதல் செல்லாது. போதை தெளியும் வரை அவன்மீது கசையும் விழாது. இமாம் மாலிக் (ரஹ்) அவர்களின் மத்ஹபில் வாடை சாட்சியாகும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். கூஃபாவின் ஆளுநராயிருந்த வலீதின் விஷயத்தில், வாந்தி எடுத்ததைக் கண்டேன் என்ற ஒருவரின் வார்த்தையையும் உஸ்மான் (ரலி) அவர்கள் ஏற்றுக்கொண்டார்கள். அந்த வழியும் ஆதாரமுள்ள வழிதான்.

நம் நாட்டுச் சட்டத்தைத் தேடிப் பார்த்தபோது எனக்கு வியப்பாக இருந்தது. மகாராஷ்டிர வழக்கொன்றில் உச்ச நீதிமன்றம் 1971ஆம் ஆண்டு கிட்டத்தட்ட இதையே சொல்லியிருக்கிறது. வாயில் மது வாடை, தள்ளாட்டம், பேச்சுக் குழறல், விரிந்த கண்மணி ஆகியவற்றை டாக்டர் எழுதியிருந்தும், இரத்தமோ சிறுநீரோ சோதிக்கப்படாத நிலையில் அவன் குடித்திருந்தான் என்ற முடிவுக்கு வர அவை போதாவென்று நீதிபதிகள் கருதினார்கள்.

பொது இடத்தில் போதையில் வந்து பிறருக்குத் தொல்லை தருபவனுக்கு, பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 510ஆம் பிரிவில் 24 மணி நேரம் வரை வெறுங்காவல், அல்லது 10 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் இருந்தன. 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் அது 355ஆம் பிரிவு. காவல் அதே 24 மணி நேரம், அபராதம் 1,000 ரூபாய் வரை. சமூக சேவை செய்யும்படியும் உத்தரவிடலாம். குடித்திருப்பது மட்டுமல்ல, பிறருக்குத் தொல்லை தரும் நடத்தையும் இருந்தால்தான் அது இந்தக் குற்றமாகும். இதைத் தவிர, 1937ஆம் ஆண்டு மதுவிலக்குச் சட்டம் தமிழகத்தில் இன்னும் ஏட்டிலே இருக்கிறது. அந்தச் சட்டம் உயிரோடிருக்கும் அதே மாநிலத்தில் 2003 முதல் அரசு நிறுவனமே சில்லறைக் கடை திறந்து மது விற்கிறது! விற்றவனே பிடிக்கவும் வருகிறான் என்று அந்தப் பெரியவர் கசப்பாகச் சொன்னார். அதற்கு என்னிடம் பதில் இல்லை. ஆனால் அது குடித்தவனுக்குச் சாக்காகவும் ஆகாது.

இனி அவர் கேட்ட கேள்விக்கு வருவோம். குற்றம் சாட்டுபவனே அதை நிரூபிக்கட்டும் என்று ஒருவன் வாய்மூடி நிற்பது பொய்யல்ல. இப்படிப்பட்ட அசிங்கங்களில் எதையாவது செய்துவிட்டவர் அல்லாஹ் போட்ட திரையால் தன்னை மறைத்துக்கொள்ளட்டும், தன் ஏட்டை எங்களிடம் திறந்து காட்டுபவர்மீது அல்லாஹ்வின் சட்டத்தை நிறைவேற்றுவோம் என்ற கருத்தில் நாயகம் (ஸல்) அவர்கள் கூறியது முவத்தாவில் இருக்கிறது. மாயிஸ் (ரலி) அவர்கள் தாமே வலிய வந்து பெரும் பாவத்தை ஒப்புக்கொண்டபோது நாயகம் (ஸல்) அவர்கள் பலமுறை முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். இவர் குடித்திருக்கிறாரோ என்று கேட்க, ஒருவர் எழுந்து அவர் வாயை முகர்ந்தும் பார்த்தார். அங்கே வாடை தேடப்பட்டது தண்டிப்பதற்கல்ல, ஒப்புதலைத் தள்ளுபடி செய்ய வழியுண்டா என்று பார்ப்பதற்கு! இந்திய அரசியலமைப்பின் 20ஆம் விதியும், குற்றம் சாட்டப்பட்டவனைத் தனக்கெதிராகத் தானே சாட்சி சொல்லும்படி கட்டாயப்படுத்தக் கூடாது என்கிறது. ஆகவே பையன் விசாரணை நடக்கட்டும் என்று சொல்லி நிற்கலாம். வக்கீல் சாட்சியத்தின் ஓட்டைகளை எடுத்துக்காட்டலாம். அதற்காக வாங்கும் கூலியும் ஹராமாகாது.

ஆனால் நான் குடிக்கவே இல்லை என்று அவன் வாயால் சொல்லக் கூடாது. குற்றவாளிக் கூண்டில் நிற்பவனை நீதிபதி கேள்வி கேட்கும்போது சத்தியம் வாங்குவதில்லை என்பது உண்மைதான். முஸ்லிமின் நாவுக்குக் கலிமா சொன்ன அன்றே சத்தியம் வாங்கியாயிற்று. அன்று அவன் எங்களோடு வீட்டில்தான் இருந்தான் என்று சாட்சி சொல்ல மாமாவையும் மச்சானையும் தயார் செய்வது அதைவிட மோசம். பெரும் பாவங்களைச் சொல்லிக்கொண்டு வந்த நாயகம் (ஸல்) அவர்கள், சாய்ந்திருந்த நிலையிலிருந்து எழுந்து உட்கார்ந்து திரும்பத் திரும்பச் சொன்னது பொய்ச்சாட்சியைத்தான். ஸ்டேஷனில் எதையாவது கொடுத்து ஃபைலை மூடச் சொல்வது லஞ்சம். அதன் மீதுள்ள சாபம் நாம் அறிந்ததே. குடித்தது ஒரு பாவம். அதை மறைக்கப் போய் வீட்டிலுள்ள நாலு பேர் மேலும் நாலு பாவம் செய்வதை நான் பார்த்திருக்கிறேன்.

இன்னொரு வாதமும் கூடாது. அதற்குக் குதாமா இப்னு மழ்ஊன் (ரலி) அவர்களின் வரலாற்றைச் சொல்ல வேண்டும். பத்ருப் போரில் கலந்துகொண்ட சஹாபி அவர். அன்னை ஹஃப்ஸா (ரலி) அவர்களுக்குத் தாய்மாமன். உமர் (ரலி) அவர்கள் அவரைப் பஹ்ரைனுக்கு ஆளுநராக அனுப்பியிருந்தார்கள். அங்கிருந்து ஜாரூது (ரலி) என்பவர் மதீனா வந்து அவர் குடித்தார் என்று புகார் சொன்னார். உறவினர் என்பதற்காக உமர் (ரலி) புகாரைத் தள்ளவுமில்லை, ஒருவர் சொன்னார் என்பதற்காகக் கசையை எடுக்கவுமில்லை. இரண்டாவது சாட்சி யார் என்று கேட்டார்கள். அபூஹுரைரா (ரலி) அழைக்கப்பட்டு, குடித்ததைப் பார்க்கவில்லை, போதையில் வாந்தியெடுத்ததைப் பார்த்தேன் என்றார்கள். கடைசியில் குதாமாவின் மனைவியே அவருக்கெதிராகச் சாட்சி சொல்ல நேர்ந்தது. அப்போது குதாமா தம்மைக் காத்துக்கொள்ள ஒரு திருவசனத்தை ஓதினார். ஈமான் கொண்டு நற்செயல் செய்தவர்கள் உண்டவை பற்றி அவர்கள்மீது குற்றமில்லை என்ற கருத்துடைய மாயிதாவின் வசனம் அது. நீர் விளக்கத்தில் தவறிவிட்டீர், அல்லாஹ்வை அஞ்சியிருந்தால் அவன் தடுத்ததை விட்டு விலகியிருப்பீர் என்று உமர் (ரலி) மறுத்துவிட்டுத் தண்டனையை நிறைவேற்றினார்கள்.

சாட்சி போதுமா என்று கேட்கும் உரிமை கடைசி வரை அவருக்கு இருந்தது. செய்தது தவறே அல்ல என்ற வாதம் எழுந்தபோதுதான் உமர் (ரலி) அவர்கள் இடம் கொடுக்கவில்லை. பீர் மதுவல்ல, கொஞ்சம்தானே குடித்தான், எல்லாப் பையன்களும் செய்வதுதானே என்று நம் வீட்டுப் பெரியவர்களே சில சமயம் பேசுகிறார்கள். அது மகனைக் காக்கும் பேச்சல்ல, மதுவைக் காக்கும் பேச்சு.

அந்த வரலாற்றின் மிச்சம் பலருக்குத் தெரியாது. தண்டனைக்குப் பின் குதாமா (ரலி) உமரோடு பேசாமலிருந்தார். ஒரு ஹஜ்ஜிலிருந்து திரும்பும் வழியில், குதாமாவோடு சமாதானம் செய்துகொள்ளும்படி உமர் (ரலி) அவர்களுக்குக் கனவில் சொல்லப்பட்டது. விழித்த உடனே, அவரை அழைத்து வாருங்கள் என்று விரைவுபடுத்தி, அவரோடு பேசி, அவருக்காகப் பாவமன்னிப்பும் தேடினார்கள்.

திரை போடுவதற்கும் எல்லை உண்டு. குடித்துவிட்டு வண்டி ஓட்டுபவன் விஷயம் வேறு. ரோட்டில் நடக்கும் ஒவ்வோர் உயிருக்கும் அவன்மீது ஹக்கு இருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டத்தில் 100 மில்லி லிட்டர் இரத்தத்தில் 30 மில்லி கிராமுக்கு மேல் மது இருந்தால் குற்றம். 2019ஆம் ஆண்டுத் திருத்தத்திற்குப் பின் முதல் தடவைக்கே 10,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். அப்படிப்பட்ட மகனுக்காக என்னிடம் யாராவது வந்தால், ஓட்டை தேடும்படி நான் சொல்ல மாட்டேன். சாவியை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், அபராதத்தைக் கட்டுங்கள் என்றுதான் சொல்வேன். இது என் கருத்து; மூத்த உலமாக்கள் வேறு விதமாகச் சொன்னால் கேட்டுக்கொள்கிறேன்.

ஜமாஅத்தாரின் வாதத்துக்கும் பதில் சொல்லியாக வேண்டும். பாவத்தைப் பகிரங்கமாகச் செய்பவர்களுக்கு மன்னிப்பில் பங்கில்லை என்ற கருத்துடைய ஹதீஸை அவர்கள் எனக்கு எடுத்துக்காட்டினார்கள். ஹதீஸ் சஹீஹானதுதான். ஆனால் அதே ஹதீஸ், அல்லாஹ் இரவில் மறைத்ததைக் காலையில் தானே வெளியே சொல்லித் திரிபவனை உதாரணமாகக் காட்டுகிறது. அழுதுகொண்டு வீட்டுக்குள் முடங்கிக் கிடப்பவன் அந்தக் கூட்டத்தில் எப்படிச் சேருவான்? குடித்ததற்காகப் பலமுறை தண்டிக்கப்பட்ட ஒரு தோழரை ஒருவர் சபித்தபோது, சபிக்காதீர்கள், அவர் அல்லாஹ்வையும் அவன் தூதரையும் நேசிப்பவர் என்று நாயகம் (ஸல்) தடுத்தது புகாரியில் இருக்கிறது. ஜமாஅத்துக்கு அபராதம் கட்டட்டும் என்ற யோசனையும் வந்தது. பணத்தைத் தண்டமாகப் பிடுங்குவதை இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்கள் ஏற்கவில்லை என்று சொன்னேன்.

இதை நான் அழுத்திச் சொல்வதற்கு ஒரு காரணம் உண்டு. இமாமத்துக்கு வந்த முதல் வருடம், ஒரு ஜும்ஆ பயானில் பெயர் சொல்லாமல் ஒருவரைக் குறிப்பிட்டுக் குடியைக் கண்டித்தேன். பெயர்தான் சொல்லவில்லை, தலைகள் எல்லாம் மூன்றாவது ஸஃப்பின் பக்கம் திரும்பின. அன்று எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. அந்த மனிதர் அதன் பிறகு பள்ளிக்கு வரவில்லை. மூன்றாண்டு கழித்து அவருடைய ஜனாஸா தொழுகைக்குத்தான் வந்தார். தொழ வைத்தவன் நான்.

பெரியவரிடம் இவ்வளவையும் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "எல்லாம் சரி ஹஜ்ரத், நீதிபதி நேருக்கு நேராப் பார்த்து, நீ குடிச்சியான்னு கேட்டுட்டா?" என்றார்.

"வாய் மூடி நிற்கலாம், பாய். வாயைத் திறந்தால் உண்மையைத்தான் சொல்லணும்" என்றேன்.

முத்தவல்லி சாஹிபைத் தனியே சந்தித்துப் பேசினேன். பெயர் வாசிக்கப்படவில்லை. வழக்கு அழைக்கப்பட்ட நாளில் பையன் வக்கீலிடம்கூடச் சொல்லாமல், குடித்தது உண்மைதான் ஐயா என்று சொல்லிவிட்டானாம். அபராதத்தை அத்தாவிடம் வாங்காமல் தன் கூலியிலிருந்து கட்டினான். அவன் அப்படிச் சொல்லியாக வேண்டும் என்று நான் ஃபத்வா கொடுக்கவில்லை. சகோதரியின் நிகாஹ் குறித்த தேதியில் நடந்தது. பந்தலில் தண்ணீர்க் குடத்தோடு ஓடிக்கொண்டிருந்தவர்களில் அவனும் ஒருவன்.