பரிசும் மதிப்பும்

ஒரு குழந்தையை மேடையேற்றிப் பாராட்டும்போது, கீழே அமர்ந்து கைதட்டும் மற்றக் குழந்தைகளுக்கு நாம் என்ன செய்கிறோம்? இக்கேள்வி சிறியதாகத் தோன்றலாம். ஆனால் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பும் பெற்றோர் யாவரும், ஒருநாளேனும் தம் நெஞ்சைத் தொட்டுக் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி இது.

சென்ற ஆண்டு பிப்ரவரித் திங்களில், திருவரங்கத்தில் உள்ள தொடக்கப் பள்ளி ஒன்றின் வார விழாவுக்கு நடுவராக நம்மை அழைத்திருந்தனர். சத்திரம் பேருந்து நிலையத்தில் பேருந்தேறி, காவிரிப் பாலத்தைக் கடந்து, அந்த ஒரு வாரமும் நாள்தோறும் சென்று வந்தோம். திங்களன்று கையெழுத்துப் போட்டி. செவ்வாயன்று வண்ணம் தீட்டுதல். புதனன்று திருக்குறள் ஒப்புவித்தல். வியாழனன்று சாக்கு ஓட்டமும், கரண்டியில் எலுமிச்சம்பழம் ஏந்தி ஓடும் பந்தயமும். வெள்ளியன்று மாறுவேடமும் அறிவியல் கண்காட்சியும். சனியன்று பரிசளிப்பு விழா. அறிவியல் மூலையில் சர் சி. வி. இராமனின் படத்துக்கு மாலையிட்டிருந்தனர். அவர் 1888ஆம் ஆண்டு பக்கத்துத் திருவானைக்காவில் பிறந்தவர் அல்லவா? அந்தப் பெருமையை அவ்வட்டாரப் பள்ளிகள் எளிதில் விட்டுக்கொடா.

புதன்கிழமை நிகழ்ந்ததொன்றைச் சொல்லவே இக்கட்டுரை. கடவுள் வாழ்த்து அதிகாரத்தின் பத்துக் குறள்களையும் பிழையின்றி ஒப்புவிக்க வேண்டும். மூன்றாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி ஆறாம் குறளில் நின்றுவிட்டாள். ஒலிபெருக்கியின் முன் உதடுகள் அசைந்தன, சொல் வரவில்லை. கண்கள் நிரம்பத் தொடங்கின. அவளுக்கு அடுத்து ஒப்புவிக்க வேண்டியவளாய் வரிசையில் நின்றிருந்த மற்றொரு சிறுமி, முதற்சொல்லை மெல்ல எடுத்துக் கொடுத்தாள். தடைபட்டவள் மீதிக் குறள்களை மடமடவென்று சொல்லி முடித்தாள். பின்னர் வந்த இவளும் பத்தையும் பிழையறச் சொன்னாள்.

போட்டி விதி தெளிவாக இருந்தது. தடுமாறினால் இரண்டு மதிப்பெண் குறையும். பிறருக்கு எடுத்துக் கொடுத்தால் ஐந்து மதிப்பெண் குறையும். நடுவர் மூவரும் கலந்து பேசினோம். விதியை மீறுவதற்கில்லை. தடுமாறியவள் மூன்றாம் பரிசு பெற்றாள். எடுத்துக் கொடுத்தவள் நான்காம் இடத்துக்குத் தள்ளப்பட்டாள். நான்காம் இடத்துக்குப் பரிசு இல்லை. மதிப்பெண் தாளில் நாமும் கையொப்பமிட்டோம்.

மாலையில் பள்ளி வாயிலில் அச்சிறுமியின் தாய் அவளிடம் சொல்லிக்கொண்டிருந்தது நம் காதில் விழுந்தது. “ஏண்டி, உன் வேலையை மட்டும் பார்த்துக்கிட்டு நிக்கக் கூடாதா? அவ மறந்தா உனக்கென்ன?” சிறுமி ஒன்றும் பேசவில்லை. பையின் வாரைத் திருகியபடி நின்றாள். நாமும் ஒன்றும் பேசாமல் பேருந்துக்கு நடந்தோம்.

அந்த வாரத்தில் அக்குழந்தை கற்ற பாடம் யாது? பத்துக் குறள்களை அவள் முன்பே கற்றிருந்தாள். விழாவில் புதிதாகக் கற்றது ஒன்றே: பிறர்க்கு உதவினால் இழப்பு நேரும். அப்பாடத்தைக் கற்பித்தவர்களுள் நாமும் ஒருவர். அத்தாயைக் குறை கூற நமக்கு வாயில்லை. நம் தீர்ப்பை அவர் தம் மொழியில் பெயர்த்துச் சொன்னார், அவ்வளவே.

அப்படியாயின், போட்டிகளையும் பரிசுகளையும் ஒழித்துவிடலாமா? அவசரப்பட்டு விடை கூறுதல் தகாது. பரிசளிக்கும் வழக்கம் கத்தோலிக்கக் கல்வி மரபில் வேரூன்றிய ஒன்று. இயேசு சபையார் 1599இல் வெளியிட்ட கல்வித் திட்டத்தில் பரிசுத் தேர்வுகளுக்கெனவே தனி விதிகள் உண்டு. ஒவ்வொரு மாணவனுக்கும் ஒரு போட்டியாளனை இணையாக அமைத்து, ஒருவன் பிழையை மற்றவன் கண்டு திருத்துமாறு செய்தனர். அதே சபையார் 1844இல் நாகப்பட்டினத்தில் தொடங்கி, 1883இல் திருச்சிராப்பள்ளிக்குக் கொணர்ந்த தூய வளனார் கல்லூரி எத்தனை தலைமுறைகளை உருவாக்கியிருக்கிறது என்பதை நம் வாசகர்கள் அறிவர். ஊக்கமான போட்டி, உறங்கும் ஆற்றலை எழுப்பும் என்பது அவர்கள் கண்ட உண்மை.

இதற்கு நேர்மாறான குரலும் கத்தோலிக்கர் ஒருவரிடமிருந்தே எழுந்தது. மரியா மொந்தெசோரி அம்மையார் 1907இல் உரோமை நகரின் சான் லொரென்சோ பகுதியில், ஏழைத் தொழிலாளரின் பிள்ளைகளுக்காகக் குழந்தைகள் இல்லத்தைத் திறந்தார். 1939இல் இந்தியாவுக்கு வந்தவர், போர்க்காலம் முழுவதும் இங்கேயே தங்க நேர்ந்தது. சென்னை அடையாற்றிலும் கொடைக்கானலிலும் வாழ்ந்து ஆசிரியர்க்குப் பயிற்சி அளித்தார். அவர் தம் நூலில் ஒரு நிகழ்ச்சியைக் குறிப்பிடுகிறார். நன்கு பணி செய்த சிறுவனுக்கு வெள்ளிச் சிலுவைப் பதக்கம் அணிவித்திருந்தனர். வேறொரு சிறுவன் தண்டனையாக நாற்காலியில் உட்கார வைக்கப்பட்டிருந்தான். பதக்கம் கழன்று விழுந்தபோது அதை எடுத்தவன் தண்டனை பெற்ற சிறுவனே. பதக்கத்துக்கு உரியவனோ அதைப் பொருட்படுத்தாது தன் வேலையிலேயே மூழ்கியிருந்தான். வேண்டுமானால் நீயே அணிந்துகொள் என்று விட்டுவிட்டான். வேலையில் இன்பம் கண்டவனுக்குப் பதக்கம் வேண்டியிருக்கவில்லை என்பதே அம்மையார் கண்ட முடிவு.

இவ்விரண்டில் எது சரி? பரிசு வேண்டாம் என்று சொல்வது வசதி படைத்தோர்க்கு எளிது. ஆட்டோ ஓட்டுநரின் வீட்டில், சுவரில் சட்டமிட்டு மாட்டிய சான்றிதழும், அலமாரியில் வைத்த எவர்சில்வர் கிண்ணமும் எத்துணை பெரிய செல்வம் என்பதை நாம் நேரில் கண்டிருக்கிறோம். ஊரார் மதியாத குடும்பத்தில் பிறந்த பிள்ளைக்கு, ‘நீ வல்லவன்’ என்று ஊரறியச் சொல்லும் முதற்குரல் பள்ளி மேடையிலிருந்தே வருகிறது. அதைப் பறித்தல் அறமாகாது. தமிழக அரசு 2022-23இல் தொடங்கிய கலைத் திருவிழாவை 2024-25இல் முதல் வகுப்பு வரைக்கும், உதவி பெறும் பள்ளிகளுக்கும் விரித்தபோது, அதுகாறும் மேடையே காணாத பிள்ளைகள் பலர் மேடை கண்டனர். அது நன்றே.

எல்லார்க்கும் பரிசு கொடுத்துவிட்டால் சிக்கல் தீருமே என்பார் உளர். குழந்தைகள் அதை நம்பமாட்டார்கள். யார் முன்னே ஓடினார்கள் என்பது ஓடியவர்கள் அனைவருக்கும் தெரியும். பொய்யான புகழ்ச்சி இரக்கம்போல் தோன்றினும், பிள்ளையின் அறிவை அது குறைத்தே மதிக்கிறது.

ஆகவே பரிசில் குற்றமில்லை. பரிசு எதை அளக்கிறது என்பதை மறந்துவிடுவதே குற்றம். ஒரு பிள்ளை ஒரு நாளில் ஒரு செயலை எவ்வளவு செம்மையாகச் செய்தது என்பதை மட்டுமே பரிசு அளக்கிறது. அப்பிள்ளை எத்தகையது என்பதை அது அளப்பதில்லை, அளக்கவும் இயலாது. செயலுக்கு உரியது பரிசு. ஆளுக்கு உரியது மதிப்பு. முன்னதில் முதலிடம், இரண்டாமிடம் உண்டு. பின்னதில் இல்லை.

மத்தேயு நற்செய்தியின் 20ஆம் அதிகாரத்தில் வரும் திராட்சைத் தோட்ட உவமையை இங்கே எண்ணிப் பார்க்கலாம். விடியலில் வந்தவர்க்கும் மாலை ஐந்து மணிக்கு வந்தவர்க்கும் தோட்ட உரிமையாளர் ஒரே தெனாரியம் கொடுக்கிறார். முன்வந்தோர் முணுமுணுக்கின்றனர். ஆயினும் அவர்களுக்குப் பேசிய கூலியில் ஒரு காசும் குறையவில்லை. தெனாரியம் என்பது ஒரு தொழிலாளியின் ஒரு நாள் கூலி. அது குறைந்தால் அன்று வீட்டில் அடுப்பெரியாது. உழைப்பின் அளவை மட்டும் பாராமல், அம்மனிதனுக்கு வேண்டியதையும் உரிமையாளர் பார்த்தார்.

நம் பள்ளிகளிலும் அத்தகைய தெனாரியம் ஒன்று உண்டு. 1982ஆம் ஆண்டு சூலை முதல் நாள், இதே திருச்சி மாவட்டத்துப் பாப்பாக்குறிச்சியில் சத்துணவுத் திட்டம் தொடங்கப்பட்டது. உணவு வரிசையில் முதல் மாணவனுக்கு ஒரு கரண்டி, கடைசி மாணவனுக்கு அரைக் கரண்டி என்ற வேறுபாடு கிடையாது. பசிக்கு மதிப்பெண் போடுவதில்லை. அன்புக்கும் கவனிப்புக்கும் ஏங்குகின்ற பசிக்கு மட்டும் ஏன் மதிப்பெண் போடுகிறோம்? ஐந்தாம் வகுப்புக்குப் பொதுத்தேர்வு என்று 2019இல் அறிவிக்கப்பட்டபோது, பத்து வயதுப் பிள்ளைமீது அத்தனை சுமையா என்று தமிழகமே கேட்டது. 2020 பிப்ரவரியில் அம்முடிவு கைவிடப்பட்டது. அரசிடம் கேட்ட அக்கேள்வியை நம் வீட்டுத் திண்ணையில் நம்மிடமே கேட்டோமா? விழா முடிந்து வரும் பிள்ளையிடம் ‘என்ன பரிசு?’ என்பதே நம் முதற்கேள்வியாக இருக்கும்வரை, நாள்தோறும் நாம் நடத்துவதும் ஒரு பொதுத்தேர்வே.

பரிசளிப்பு நாளன்று, தலைமையாசிரியையான அருட்சகோதரியிடம் நம் மனச்சுமையை எடுத்துரைத்தோம். அவர் சற்றுநேரம் அமைதியாயிருந்து, “விதியை நீங்க மாத்தியிருக்க வேண்டாம் ஐயா. மதிப்பெண்ணைக் குறைச்ச பிறகு, அந்தப் பிள்ளை செஞ்சது நல்லதுன்னு மைக்குல ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே. அதை எந்த விதியும் தடுக்கலையே” என்றார்.

உண்மை. ஐந்து மதிப்பெண்ணைக் குறைத்தது நீதியே. பத்துக் குறளையும் எவர் துணையுமின்றிச் சொல்வதற்கு வைத்த போட்டி அது. இரவெல்லாம் மனனம் செய்து வந்த மற்றப் பிள்ளைகளுக்கும் நாம் கடன்பட்டிருந்தோம். ஆயினும் நீதியைச் செய்து முடித்ததும் நம் கடமை முடிந்தது என்று எழுந்துவிட்டோமே, அங்கேதான் தவறினோம். தண்டிக்க வேண்டிய விதிமீறலும் போற்ற வேண்டிய நற்செயலும் ஒரே செயலாய் அமைந்தபோது, தண்டனையை மட்டும் ஊரறியச் சொன்னோம். போற்றுதலை மனத்துக்குள் வைத்துக்கொண்டோம். மனத்துக்குள் இருக்கும் பாராட்டு எட்டு வயதுக் குழந்தைக்கு எப்படிக் கேட்கும்?

அன்று விழா முடிந்ததும் அச்சிறுமியைத் தேடினோம், அவள் வந்திருக்கவில்லை. இவ்வாண்டும் அதே பள்ளியிலிருந்து அழைப்பு வந்திருக்கிறது. செல்ல இசைந்துள்ளோம். அவள் இப்போது நான்காம் வகுப்பில் இருப்பாள். ஓராண்டு பிந்திய அந்த ஒரு வார்த்தையை, அவள் தாயும் உடனிருக்கும் வேளை பார்த்து, சொல்லிவிட வேண்டும் என்றிருக்கிறோம். மேடையில் மீண்டும் எவளேனும் சொல் மறந்து நின்றால், இவள் வாய் திறப்பாளா மாட்டாளா என்பது நமக்குத் தெரியாது. வாய் திறக்காமல் நின்றால், அதில் நம் கையொப்பமும் இருக்கும்.