வளர்ப்புச் சிலந்தியும் அருளுடைமையும்

டரான்டுலா என்னும் பெருஞ்சிலந்தியை வளர்க்கத் தொடங்குபவருக்கு வழக்கமாகச் சொல்லப்படும் இனங்கள் நான்கைந்துதான். மெக்ஸிகோவின் செம்முழங்கால் சிலந்தி, நடு அமெரிக்காவின் சுருள்மயிர்ச் சிலந்தி, சிலி நாட்டு ரோஜாச் சிலந்தி, பிரேசிலின் கருஞ்சிலந்தி ஆகியவை அந்தப் பட்டியலில் தவறாமல் இருக்கும். எல்லாம் தரையில் வாழ்பவை, நிதானமாக நகர்பவை, மாதக்கணக்கில் பட்டினி தாங்குபவை. சீண்டினால் கடிப்பதைவிட, பின்னங்காலால் வயிற்று மயிரைத் தேய்த்து உதிர்ப்பதே அதிகம். அந்த மயிர் தோலில் பட்டால் அரிக்கும். கண்ணில் பட்டால் மருத்துவரிடம் ஓட வேண்டியதுதான். ஆசிய இனங்களுக்கு இந்த மயிர் இல்லை. வேகமும் கடியுமே அவற்றின் காப்பு. இந்தியாவிலும் இலங்கையிலும் மட்டுமே உள்ள பொயிசிலோதீரியா என்னும் மரவாழ் பேரினத்துச் சிலந்தி கடித்தால் கடுமையான தசைப்பிடிப்பு நாள்கணக்கில் விட்டுவிட்டு வரும். எனவே சொந்த மண்ணின் சிலந்தி தொடக்கக்காரருக்கு ஆகாது என்பது வளர்ப்போரின் பொதுக் கருத்து.

இந்த அளவுகோல்கள் எல்லாம் மனிதரின் கையையும் கண்ணையும் பற்றியவை. சிலந்தியின் பக்கமிருந்து பார்த்தால் ‘ஏற்றது’ என்ற சொல்லின் பொருளே மாறுகிறது. டரான்டுலாவுக்கு எட்டுக் கண் இருந்தும் பார்வை மங்கல். கால் மயிர்களில் வந்து மோதும் அதிர்வுதான் அதன் உலகம். வளர்ப்பவரின் உள்ளங்கை அதற்கு வெதுவெதுப்பான ஒரு தரை, அவ்வளவே. நாய் வாலாட்டும், ஆடு குரல் கேட்டுத் திரும்பும், கூண்டுக்கிளிகூட ஆளை அடையாளம் காணும். சிலந்தி பத்தாண்டு ஒரே வீட்டில் இருந்தாலும் யாரையும் தன்னவராகக் கொள்வதில்லை. கையில் ஏற்றி விளையாடுவதில் அதற்கு எந்தப் பயனும் இல்லை. இரண்டடி உயரத்திலிருந்து விழுந்தாலே வயிறு கிழிந்து செத்துவிடலாம். தரைச்சிலந்திக்குக் குட்டையான பெட்டி சொல்லப்படுவது இதனால்தான்.

மறுமொழி கிடைக்காத இடத்தில் காட்டும் பரிவுக்கு என்ன பெயர் என்பது தமிழ் அறநூல்களுக்குப் பழகிய கேள்வி. திருக்குறள் அன்புடைமையை இல்லறவியலிலும் அருளுடைமையைத் துறவறவியலிலும் வைக்கிறது. தொடர்புடையவரிடம் தோன்றுவது அன்பு, தொடர்பு கருதாமல் எல்லா உயிர்மேலும் செல்வது அருள் என்று பரிமேலழகர் பிரித்துக் காட்டுகிறார். இந்தப் பிரிவினைப்படி சிலந்தியிடம் அன்பு என்பது ஒருதலையான பேச்சு. அருளுக்கு மட்டுமே இடமுண்டு. ஆனால் அருள் காட்ட ஓர் உயிரைப் பெட்டியில் அடைக்க வேண்டுமா?

வளர்ப்போரின் பதிலை எளிதாகத் தள்ள முடியாது. பெட்டிக்குள் குளவி கொட்டாது, வறட்சி தீண்டாது; செம்முழங்கால் பெண்சிலந்தி இருபது ஆண்டுக்கு மேலும் வாழும். உண்மைதான். ஆண்சிலந்தியின் கதை வேறு. முதிர்ந்ததும் அது வளையை விட்டுப் பெண்ணைத் தேடி நடக்கப் பிறந்தது. பெட்டிக்குள் அது இரவெல்லாம் கண்ணாடி ஓரமாகவே சுற்றிச் சுற்றி நடந்து, பெரும்பாலும் ஓரிரு ஆண்டுக்குள் செத்துப்போகும். நீண்ட ஆயுளைச் சொல்லும்போது இந்த நடையையும் கணக்கில் எடுப்பதே நேர்மை.

இந்த வளர்ப்பு ஆசை எட்டியிருக்கும் விருதுநகர் மாவட்டத்தில் பூச்சி வளர்ப்பு புதிதன்று. வெம்பக்கோட்டை வட்டாரத்து அச்சங்குளம் போன்ற ஊர்கள் பட்டாசையும் தீப்பெட்டியையும் நம்பிய கரிசல் ஊர்கள். காலித் தீப்பெட்டிக்குப் பஞ்சமில்லாத இடத்தில் பிள்ளைகள் பொன்வண்டை அதில் போட்டு, வேல இலை கிள்ளி வைத்து, முட்டையிட்டதா என்று நாளுக்குப் பத்துமுறை திறந்து பார்ப்பார்கள். பொன்வண்டின் வாழ்வு சில வாரம்; குழந்தையின் ஆசையும் ஏறத்தாழ அவ்வளவே. இரண்டும் ஒன்றாக முடிவதால் யாரும் பொறுப்பைப் பற்றி யோசிக்க வேண்டியிருக்கவில்லை.

2021 ஜூலையில் அந்தக் கணக்கு மாறியது. போலந்திலிருந்து அதே மாவட்டத்து அருப்புக்கோட்டை முகவரிக்கு வந்த அஞ்சல் பொதியைச் சென்னையில் சுங்கத் துறையினர் பிரித்தபோது, தெர்மாகோல் பெட்டிக்குள் வெள்ளித்தாளும் பஞ்சும் சுற்றிய 107 சிறு குப்பிகள். குப்பிக்கு ஒன்றாக 107 உயிருள்ள சிலந்திகள். செம்முழங்கால் சிலந்தியின் பேரினமான பிராக்கிபெல்மாவும் அதில் இருக்கலாம் என்று ஆராய்ந்தவர்கள் கருதினார்கள். இறக்குமதி உரிமமோ உடல்நலச் சான்றோ இல்லாததால் பொதியைப் போலந்துக்கே திருப்பி அனுப்ப முடிவாயிற்று. பிராக்கிபெல்மா பன்னாட்டு வணிகக் கட்டுப்பாட்டு உடன்படிக்கையான சைட்டிஸின் இரண்டாம் பட்டியலில் உள்ளது. பொயிசிலோதீரியாவும் 2019-இல் அதில் சேர்ந்தது. 2022-இல் திருத்தப்பட்ட இந்திய வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், அப்பட்டியல் உயிர்களை வைத்திருப்போர் பதிவு செய்ய வேண்டும் என்கிறது. ஆக, ‘எளிய’ இனம் எது என்று கேட்பதற்கு முன்பே, அது எந்த வழியில் வந்தது என்று கேட்டாக வேண்டும்.

இரை பற்றிய கேள்வி இதைவிடக் கூர்மையானது. தொல்காப்பிய மரபியல் எறும்பை மூவறிவிலும் நண்டையும் வண்டையும் நான்கறிவிலும் வைக்கிறது. அந்த வரிசையில் சிலந்திக்கும் அது தின்னும் சில்வண்டுக்கும் பெரிய ஏற்றத்தாழ்வு சொல்ல முடியாது. காட்டில் சிலந்தி கொல்வதில் பாவமில்லை; அதற்கு வேறு வழி தெரியாது. பெட்டிக்குள் இரை தானாக வருவதில்லை. வாரத்துக்கு ஒன்றிரண்டு கரப்பானோ சில்வண்டோ ஒரு மனிதக் கை எடுத்துப் போடுகிறது. பசி தீர்த்தலையே ஜீவகாருண்யத்தின் தலையாகக் கொண்ட வள்ளலாரின் நெறியில், ஒரு பசியைத் தீர்க்க இன்னோர் உயிரைத் தேர்ந்தெடுக்கும் இந்தக் கைக்கு இடமிருக்குமா என்பது ஐயமே. சிபிச் சக்கரவர்த்தி கதையின் சிக்கலும் இதுதான். பருந்தின் பசியையும் மறுக்காமல் புறாவையும் கொடுக்காமல் அவர் தன் தசையை அரிந்தார். சிலந்தி வளர்ப்பவருக்கு அந்த வழி இல்லை. சிலந்திக்குப் பதிலாகத் தாவர உணவில் வாழும் மரவட்டையைத் தேர்ந்தெடுப்பவர் இந்தக் கேள்வியிலிருந்தாவது தப்பிக்கிறார்.

சைவ மரபு சிலந்தியை வேறோர் இடத்தில் வைக்கிறது. திருவானைக்காவில் இலிங்கத்தின்மேல் சருகு விழாமல் ஒரு சிலந்தி வலைப் பந்தலிட்டது. அதை அழுக்கென்று எண்ணி யானை நாள்தோறும் துடைத்தது. இரண்டும் மாண்டபின் சிலந்தி கோச்செங்கட் சோழனாகப் பிறந்து, பல சிவன் கோயில்களைக் கட்டியதாகப் பெரிய புராணம் சொல்கிறது; அவை யானை ஏற முடியாத மாடக்கோயில்கள் என்பது வழக்கு. கதையில் சிலந்தியை யாரும் வளர்க்கவில்லை. அது தானாக வந்தது, தன் வேலையைத் தானே செய்தது. இதற்கு நடப்பிலும் ஒரு சான்று உண்டு. இராமேசுவரத்தின் அனுமவிலாசம் கோயில் தோப்பில் கண்டறியப்பட்டு 2004-இல் பெயரிடப்பட்ட பொயிசிலோதீரியா இனம் அந்தத் தோப்பின் பெயரையே தாங்குகிறது. பின்னர் இலங்கையின் மன்னாரிலும் அது தென்பட்டது. இன்று அழிவின் விளிம்பில் இருக்கிறது. பழைய மரத்தின் பொந்தைச் சும்மா விடுவதுதான் அதற்குக் காப்பு. அருளுக்குக் கூடு தேவையில்லை என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு தேடுவது கடினம்.

ஏற்கெனவே முறையான வழியில் ஒன்றை வைத்திருப்பவருக்கு இந்த வாதம் விடுதலை தருவதில்லை. அயல்நாட்டுச் சிலந்தியைக் கரிசல் காட்டில் விடுவது அதற்கும் கேடு, அங்குள்ளவற்றுக்கும் கேடு. கடைசிவரை பார்த்துக்கொள்வதே மிச்சமிருக்கும் கடமை. வெயில் நாற்பது டிகிரியைத் தொடும் ஊரில் ஓட்டு நிழலில் பெட்டி, அடியில் ஈரப்பதம் அளவான தென்னை நார்க்கழிவு, ஒரு சிறு தண்ணீர்க் கிண்ணம். அறையில் கொசுவத்தி கூடாது. அதன் மருந்து சிலந்தியையும் கொல்லும். சரவெடி போடும் கோயில் பொங்கலுக்கும் தீபாவளிக்கும் வீட்டின் உள்ளறை. தோலுரிக்கும் நாளில் அது மல்லாந்து கிடக்கும். செத்ததென்று எடுத்து எறிந்தவர்கள் உண்டு. அப்போது உள்ளே விட்ட சில்வண்டு மென்தோலைக் கடித்துவிடும் என்பதால் இரையை எடுத்துவிட வேண்டும். பெண்ணாக இருந்தால், பத்தாம் வகுப்பில் வாங்கிய பிள்ளை வேலைக்குப் போய், மணமாகி வெளியூர் சென்ற பின்னும் அது அதே பெட்டியில் இருக்கும். தண்ணீர் ஊற்றுவது அம்மாவாக இருப்பார்.